ஏஜென்ட்டுக்கு ஒரு பக்கக் கடிதம்: க்வெரி லெட்டர் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஆங்கிலத்தில் ஒரு நாவலை எழுதி முடித்தவர் அடுத்து என்ன செய்வார்? பெரிய பதிப்பகம் ஒன்றின் இணையதளத்துக்குப் போய், பிரதியை எங்கே அனுப்புவது என்று தேடுவார். பெங்குயின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹாஷெட், மேக்மில்லன் ஆகிய ஐந்தையும் அமெரிக்காவில் 'பிக் ஃபைவ்' என்பார்கள். இந்த ஐந்தில் எங்கே தேடினாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும்: ஏஜென்ட் மூலம் வரும் பிரதிகளை மட்டுமே பார்க்கிறோம்.

நமக்கு இது புதிய பழக்கம். தமிழில் எழுதுகிறவர் பதிப்பாளரிடம் நேரே ஃபோனில் பேசுகிறார். புத்தகக் காட்சியில் ஸ்டாலுக்கே போய்ப் பிரதியைக் கொடுத்துவிட்டு வருகிறார். நடுவில் ஆள் கிடையாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடுவில் ஒருவர் இருக்கிறார். அவர்தான் லிட்டரரி ஏஜென்ட், அதாவது இலக்கிய முகவர். முன்பின் தெரியாத ஏஜென்ட் ஒருவருக்கு, 'என் நாவலைப் படித்துப் பார்க்கிறீர்களா?' என்று கேட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதம்தான் க்வெரி லெட்டர்.

சென்னையிலோ டொரொன்டோவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஆங்கிலத்தில் நாவல் எழுதும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ் நாவல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இந்தியாவுக்குள் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் நிலைமை கொஞ்சம் இளக்கம். இங்கே சில ஆங்கிலப் பதிப்பகங்கள் நேரடியாகவும் பிரதி வாங்குகின்றன. ஜெய்ப்பூரின் சியாஹி, டெல்லியின் ரைட்டர்ஸ் சைட் போன்ற ஏஜென்சிகளும் இருக்கின்றன. ஆனால் லண்டனும் நியூயார்க்கும் உங்கள் இலக்கு என்றால் இந்தக் கடிதத்தை எழுதக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

ஏஜென்ட் என்பவர் யார்?

இந்தத் தொழில் லண்டனில் வேர்விட்டது. 1870களில் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், எழுத்தாள நண்பர் ஒருவருக்காகப் பதிப்பாளர்களிடம் பேசத் தொடங்கினார். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டு, எழுத்தாளருக்குக் கிடைத்த பணத்தில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டார். ருட்யார்ட் கிப்ளிங்கும் ஆர்தர் கோனன் டாயிலும் அவரிடம் இருந்தவர்கள். இன்றைக்கு உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளில் 20 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஒரு பதிப்பகம் 10,000 டாலர் முன்பணம் தருகிறது என்றால் அது முதலில் ஏஜென்ட்டின் கைக்குப் போகும். அவர் 1,500 டாலரை எடுத்துக்கொண்டு மீதி 8,500-ஐ உங்களுக்கு அனுப்புவார்.

அதற்கு அவர் செய்யும் வேலை அதிகம். எந்தப் பதிப்பகத்தில் எந்த எடிட்டர் இப்போது எந்த மாதிரி நாவலைத் தேடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். பிரதியை அனுப்பும் முன் உங்களோடு உட்கார்ந்து திருத்துவார். இரண்டு பதிப்பகங்களுக்குப் பிடித்துவிட்டால் ஏலம் நடத்துவார். ஒப்பந்தத்தில் ஆடியோ, சினிமா, மொழிபெயர்ப்பு உரிமைகளில் எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று வரி வரியாகப் பேசுவார். ராயல்டி கணக்கு வரும்போது சரிபார்ப்பார்.

ஒன்றை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். புத்தகம் விற்றால்தான் ஏஜென்ட்டுக்குக் காசு. உங்கள் கடிதத்தைப் படிக்கும் நேரத்துக்கு அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் எழுத்தாளர்களின் வேலையை முடித்துவிட்டு, ராத்திரியிலோ ரயிலிலோதான் புதுக் கடிதங்களைத் திறக்கிறார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வரும். அவற்றிலிருந்து அவர் புதிதாக ஏற்றுக்கொள்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான்.

இதைக் கேட்டதும் பலருக்கும் மனம் சோர்ந்துவிடும். எனக்கு இதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. நாம் எந்தக் காரியத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது சிபாரிசை. யாரைத் தெரியும், யார் சொன்னால் நடக்கும் என்றுதான் கேட்போம். இலக்கியத்திலும் சிபாரிசு உண்டு. 1996-ல் அருந்ததி ராயின் முதல் நாவலின் பிரதி கை மாறி லண்டனுக்குப் போனது. படித்த டேவிட் காட்வின் என்ற ஏஜென்ட் விமானம் ஏறி டெல்லிக்கே வந்துவிட்டார். அப்படி பிரதியைக் கைமாற்றிவிட ஆள் இல்லாதவர்கள்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். க்வெரி கடிதம் அவர்களுக்கான வழி. தூத்துக்குடியில் உட்கார்ந்திருக்கும், ஒரு பதிப்பாளரைக்கூடத் தெரியாத ஒருத்தி நியூயார்க் ஏஜென்ட்டுக்கு எழுதலாம். கடிதம் நன்றாக இருந்தால் பதில் வரலாம். அதனால்தான் இந்த ஒரு பக்கத்தை நாவலுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு எழுதச் சொல்கிறேன்.

விண்ணப்பம் எழுதும் கை

பள்ளியில் நாம் எழுதிப் பழகிய முதல் கடிதம் விடுப்பு விண்ணப்பம். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரி கையிலேயே ஊறிவிட்டது. காப்பியம் பாட வந்த பெரும்புலவர்களே அவையடக்கம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள் எனும்போது நம்மைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதிய முதல் க்வெரி கடிதத்தின் முதல் பத்தி முழுக்க மன்னிப்பும் நன்றியும்தான். உங்கள் பொன்னான நேரம், என் சிறு முயற்சி, ஏழு வருட உழைப்பு என்று எழுதி வைத்திருந்தேன். நாவல் நான்காவது பத்தியில்தான் வந்தது. அவ்வளவு தூரம் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஏஜென்ட்டிடம் நாம் தயவு கேட்கவில்லை, தொழில் பேசுகிறோம். அவருக்கு நாவல் தேவை, நம்மிடம் நாவல் இருக்கிறது. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்தக் கதை என்ன, அடுத்த பக்கத்தைத் திறக்கலாமா என்பதை மட்டும்தான். பணிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வரியில் ஒரு நன்றி போதும்.

தற்பெருமை இதன் மறுபக்கம். 'இது நிச்சயம் பெஸ்ட்செல்லர் ஆகும்', 'இதைப் படித்தவர்கள் எல்லாம் அழுதுவிட்டார்கள்' என்ற வரிகளும் அதே அளவு கெடுதல்தான். புகழ்ச்சியைப் படிப்பவர் வாயில் விட்டுவிட வேண்டும்.

உண்மையில் நம் மரபிலேயே இந்தக் கடிதத்துக்கு ஒரு மூதாதை இருக்கிறது: நூலுக்கு முன்னுரையாக வரும் பாயிரம். ஒரு குறிப்பிட்ட நூலுக்கென்று எழுதும் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது. ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். க்வெரி கடிதம் கேட்பதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான். எழுதியவர் யார், எந்த வகை நாவல், எதைச் சொல்கிறது, எந்த வாசகருக்கு. ஒரு வித்தியாசம், சிறப்புப் பாயிரத்தை நூல் எழுதியவரின் குருவோ மாணவரோ உடன் படித்தவரோ உரைகாரரோ எழுதித் தருவார்கள். இங்கே நமக்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

கதையைச் சொல்லும் இடம்

கடிதத்தின் மொத்த அளவு ஆங்கிலத்தில் 250 முதல் 350 சொற்கள். அதில் பாதிக்கு மேல் கதைக்கு. சிலர் நாவலின் பெயர், வகை, அளவைச் சொல்லிவிட்டுக் கதைக்குப் போவார்கள். சிலர் எடுத்த எடுப்பில் கதையைச் சொல்லிவிட்டு விவரங்களைப் பின்னால் வைப்பார்கள். இரண்டும் நடைமுறையில் உண்டு, எது வேண்டுமானாலும் செய்யலாம். கதைப் பகுதி மட்டும் சரியாக வரவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

ஓர் உதாரணத்தை நானே கட்டிப் பார்க்கிறேன். 'உப்புத் தடம்' என்று ஒரு நாவல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனுஷ்கோடிப் புயல் காலத்துக் கதை. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்:

"இழப்பையும் நம்பிக்கையையும் குடும்பப் பாசத்தையும் பேசும் உணர்ச்சிமிக்க நாவல் இது. தனுஷ்கோடியின் பின்னணியில் ஒரு பெண்ணின் மனப் போராட்டத்தையும் ஒரு சமூகத்தின் கண்ணீரையும் சொல்கிறது. மனித உறவுகளைப் பற்றி ஆழமான கேள்விகளை எழுப்புகிறது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணில் படும்படி எதுவும் இல்லை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் ஆயிரம் நாவல்களுக்கு இதையே எழுதலாம். இழப்பு என்றால் யாரை இழந்தாள்? போராட்டம் என்றால் எதற்கும் எதற்கும் நடுவில்? இப்போது அதே நாவலை வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். (அசல் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும், வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.)

"1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனில் நிற்கும் பாசஞ்சர் ரயிலில் பத்து வயதுத் தம்பி துரையை ஏற்றிவிடுகிறாள் அன்னம். அவளுக்குப் பத்தொன்பது வயது. தனுஷ்கோடியில் இருக்கும் அப்பாவிடம் போக வேண்டும் என்று அவன் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தான். அவனைச் சமாளித்து அவளும் அலுத்துப்போயிருந்தாள். ஊர் போய்ச் சேரும் முன்பே ரயிலைக் கடல் கொண்டுபோகிறது.

துரையின் உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு அம்மா அன்னத்தோடு பேசுவதில்லை. நான்கு மாதம் கழித்து, தலைமன்னாரிலிருந்து தோணியில் வந்த ஒருவரின் மூட்டையில் ஒரு சிறுவனின் சட்டை இருக்கிறது. காலரில் பச்சை நூலில் தையல். அது அன்னம் போட்டது. அந்தச் சட்டைக்குரிய பையன் மன்னாரில் ஒரு வீட்டில் வளர்கிறான், வாய் பேசுவதில்லை என்கிறார் அவர்.

அக்கரைக்குப் போக அன்னத்துக்குத் தோணி கிடைக்கும். திரும்பி வர வழி கிடைக்காது. யார் எந்த நாட்டவர் என்று இரண்டு அரசுகளும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. போகாவிட்டால், படுக்கையில் கிடக்கும் அம்மா மகன் செத்துவிட்டான் என்ற நினைப்போடே கண்ணை மூடுவாள். போனால், அங்கே இருக்கும் பையன் துரையாக இல்லாமலும் போகலாம்."

இரண்டாவதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். யார் கதை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது சட்டையைப் பார்த்ததும் தெரிகிறது. குறுக்கே நிற்பது கடலும் எல்லையும். தவறினால் என்ன போகும் என்பது கடைசிப் பத்தியில் இருக்கிறது. இந்த நான்கும்தான் கதைப் பகுதியின் எலும்பு. ஆங்கிலத்தில் இந்தக் கடைசி அம்சத்தை 'ஸ்டேக்ஸ்' என்று சொல்வார்கள். சூதாட்டத்தில் மேஜை மேல் வைக்கும் பணயம் என்ற அர்த்தம். நாயகி எதைப் பணயம் வைக்கிறாள் என்பது தெரியாத கடிதம், எவ்வளவு அழகான ஆங்கிலத்தில் இருந்தாலும் படிப்பவரைப் பிடித்து வைக்காது.

பச்சை நூல் ஒரு சின்ன விஷயம். ஆனால் அந்தக் கடிதத்தில் ஏஜென்ட்டின் நினைவில் நிற்கப்போவது அதுதான் என்று நினைக்கிறேன். பெரிய சொற்களை எடுத்துவிட்டு, உங்கள் நாவலில் மட்டுமே இருக்கும் ஒரு பொருளை அந்த இடத்தில் வையுங்கள். சட்டை, சாவி, பாதி எழுதிய கடிதம், எதுவாகவும் இருக்கலாம்.

இன்னும் சில வழக்கங்கள் உண்டு. நாவல் 'நான்' என்று தன்மையில் எழுதப்பட்டிருந்தாலும் கடிதம் படர்க்கையில், நிகழ்காலத்தில் இருக்கும். பெயர்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித் தோழி எல்லோரையும் பெயரோடு கொண்டுவந்தால் படிப்பவர் குழம்பிவிடுவார். நாவலின் முதல் கால்பங்கு அல்லது பாதி வரைக்கும் சொன்னால் போதும். நாயகி ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

முடிவைச் சொல்ல வேண்டாமா? கடிதத்தில் வேண்டாம். அதற்குத்தான் சினாப்சிஸ் என்ற கதைச்சுருக்கம் தனியாக இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு பக்கம், தொடக்கம் முதல் கடைசிவரை, யார் சாகிறார், யார் திரும்பி வருகிறார் என்பது உட்பட எல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கே முடிவை மறைப்பது தவறு. கடிதம் ஆசையைத் தூண்டும் இடம், சுருக்கம் கதை கடைசிவரை நிற்கிறதா என்று காட்டும் இடம். புதியவர்கள் இரண்டையும் கலந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

மற்ற விவரங்கள்

நாவலின் பெயர், வகை, சொற்களின் எண்ணிக்கை ஒரே வாக்கியத்தில் வந்துவிடும்: "உப்புத் தடம், 92,000 சொற்கள் கொண்ட வரலாற்று நாவல்." பக்கக் கணக்கு சொல்லக் கூடாது, சொற்கணக்குதான். பெரியவர்களுக்கான முதல் நாவல் 80,000 முதல் 1,00,000 சொற்களுக்குள் இருப்பது நல்லது. ஃபேன்டஸிக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் தருவார்கள். 2,00,000 சொற்கள் என்று எழுதினால், கதையைப் படிக்காமலே 'இன்னும் வெட்டவில்லை' என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்புறம், நாவல் என்றால் முழுதாக எழுதி முடித்த பிறகுதான் கடிதம் அனுப்ப வேண்டும். பாதியில் இருக்கும்போது அனுப்பி, 'முழுப் பிரதியை அனுப்புங்கள்' என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? கட்டுரை நூல், வரலாற்று நூல் போன்றவற்றுக்கு வழி வேறு. அங்கே முழு நூல் வேண்டாம், அத்தியாயத் திட்டமும் மாதிரி அத்தியாயங்களும் சேர்ந்த 'ப்ரொபோசல்' கேட்பார்கள்.

அடுத்தது 'காம்ப்ஸ்'. உங்கள் நாவலோடு அதே ஷெல்ஃபில் வைக்கக்கூடிய இரண்டு புத்தகங்களின் பெயர். பலருக்கு இது எரிச்சலூட்டும். 'என் நாவல் யாருடையதையும் போல இல்லையே' என்பார்கள். தரத்தை ஒப்பிடச் சொல்லவில்லை. இதை வாங்கப்போகும் வாசகர் ஏற்கெனவே எதை வாங்கியிருக்கிறார் என்றுதான் கேட்கிறார்கள். கடந்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த, ஓரளவு நன்றாக விற்ற புத்தகங்களாக இருக்கட்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய ரஷ்ய நாவலோ, உலகம் முழுக்க விற்ற மாயாஜாலத் தொடரோ இங்கே உதவாது. முதலாவது இன்றைய சந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது, இரண்டாவது அளவுக்கு மீறிய ஆசையாகத் தெரியும். ஒப்பிடும்போது எந்த அம்சத்தில் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றின் களம், இன்னொன்றின் குரல் என்று. இதற்காகவாவது அண்மையில் வந்த நாவல்களைப் படித்தாக வேண்டும். அது நல்லதுதான்.

உங்களைப் பற்றி இரண்டு மூன்று வரி. இதழ்களில் சிறுகதை வந்திருந்தால் சொல்லுங்கள், விருது இருந்தால் சொல்லுங்கள். கதைக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ராமேஸ்வரத்தில் வளர்ந்தவர், தாத்தா பாம்பன் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர் என்றால் அந்த ஒரு வரி எம்ஏ பட்டத்தைவிடப் பெரிது. எதுவுமே இல்லையா? 'சேலத்தில் வசிக்கிறேன், இது என் முதல் நாவல்' என்று எழுதினால் போதும். முதல் நாவல் என்பது குறை ஆகாது. புது ஆளைக் கண்டுபிடிப்பதில் ஏஜென்ட்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டு.

யாருக்கு அனுப்புவது?

கண்ட எல்லோருக்கும் அனுப்பினால் வேலைக்கு ஆகாது. குழந்தைகள் நூல் மட்டும் பார்க்கும் ஒருவருக்கு வரலாற்று நாவலை அனுப்பினால், எவ்வளவு நல்ல கடிதமாக இருந்தாலும் மறுப்புதான். ஆளைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழிக்குக் காசே செலவாகாது. உங்களுக்குப் பிடித்த, உங்கள் நாவலோடு உறவுடைய அண்மைக்கால நாவல்களை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நன்றியுரையைப் படியுங்கள். எழுத்தாளர்கள் அங்கே தங்கள் ஏஜென்ட்டுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லியிருப்பார்கள். அப்படிப் பத்துப் பெயர் சேர்ந்துவிட்டால், ஒவ்வொருவருடைய ஏஜென்சித் தளத்துக்கும் போய் இப்போது புதுக் கடிதம் வாங்குகிறாரா என்று பாருங்கள். க்வெரிடிராக்கர் என்ற தளத்தில் ஏஜென்ட்களைத் தேடலாம். தங்களுக்கு என்ன மாதிரி கதை வேண்டும் என்று ஏஜென்ட்களே எழுதிவைக்கும் 'மேனுஸ்கிரிப்ட் விஷ் லிஸ்ட்' என்ற தளமும் இருக்கிறது. பிரிட்டன் என்றால் ஆண்டுதோறும் வெளிவரும் 'ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்' பழைய, நம்பகமான துணை.

கடிதத்தில் அவர் பெயரைச் சரியான எழுத்தோடு எழுதுங்கள். 'டியர் சார்' வேண்டவே வேண்டாம். அமெரிக்க ஏஜென்ட்களில் பெண்கள் மிக அதிகம். ஏன் இவருக்கு எழுதுகிறீர்கள் என்று ஒரே ஒரு உண்மையான வரி இருந்தால் சேர்க்கலாம். இல்லாவிட்டால் போலியாக ஒன்றை ஒட்டவைக்க வேண்டாம்.

ஒவ்வொருவரும் கேட்பது வெவ்வேறு. அமெரிக்காவில் கடிதத்தோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கம் கேட்பது வழக்கம். பிரிட்டனில் முதல் மூன்று அத்தியாயமும் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். பலர் இணைப்பாக வரும் கோப்பைத் திறப்பதே இல்லை, மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டச் சொல்வார்கள். இணையப் படிவம் வைத்திருப்பவர்களும் நிறைய. அவரவர் தளத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள்.

அனுப்பிய பிறகு

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது தவறில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பக் கூடாது. ஒரே ஏஜென்சியில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட சின்னத் தொகுதியாக அனுப்பி, தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஆறு வாரம், எட்டு வாரம், சில இடத்தில் மூன்று மாதம் ஆகும். 'பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த மௌனம்தான் மறுப்பைவிடக் கஷ்டமானது. அந்த நாட்களில் அடுத்த நாவலைத் தொடங்கியதுதான் எனக்கு உதவியது.

ஏன் பத்துப் பேருக்கு மட்டும்? பதில்களிலிருந்து கற்றுக்கொள்ள. பத்தில் ஒருவர்கூடப் பிரதி கேட்கவில்லை என்றால் கோளாறு கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ இருக்கிறது. திருத்திவிட்டு அடுத்த பத்துக்குப் போகலாம். முதல் சில அத்தியாயங்களைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மறுக்கிறார்கள் என்றால், கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது, தொடக்கம் அதே வேகத்தில் போகவில்லை. முழுப் பிரதியும் வாங்கிப் படித்தபின் மறுக்கிறார்கள் என்றால் நாவலின் நடுவிலோ முடிவிலோ ஏதோ தளர்ந்திருக்கிறது. மொத்தம் நூறு பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால் இந்தப் பாடம் கிடைத்தும் பயனில்லை, திருத்திய கடிதத்தை அனுப்ப ஆள் மிச்சமிருக்காது.

கேத்ரின் ஸ்டாக்கெட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் முதல் நாவலை 60 ஏஜென்ட்கள் மறுத்தார்கள். 61-வது ஏஜென்ட் ஏற்றுக்கொண்டார். 2009-ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பத்து மறுப்பை வைத்து ஒரு நாவலின் விதியை எழுதிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சில சமயம் 'இந்த இந்த மாற்றம் செய்து திரும்ப அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்று ஒரு பதில் வரும். இது மறுப்பு இல்லை. ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து உங்கள் நாவலைப் பற்றி யோசித்திருக்கிறார். அவசரப்பட்டு ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பாமல், மாற்றங்கள் நாவலுக்கு நல்லதா என்று யோசித்து, நிதானமாகச் செய்து அனுப்புங்கள்.

காசு கேட்டால்

ஏஜென்ட் யாரும் பிரதி படிப்பதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு அதைத் தடை செய்திருக்கிறது. பரிசீலனைக் கட்டணம், பதிவுக் கட்டணம், 'எங்கள் எடிட்டரிடம் காசு கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்' என்று எந்தப் பெயரில் வந்தாலும் விலகிவிடுங்கள். ஒருமுறை எனக்கு ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எழுதினார். நான் அவருக்கு எதையும் அனுப்பியதே இல்லை. நாவலை வானளாவப் புகழ்ந்திருந்தார், மூன்றாவது மின்னஞ்சலில் தொகை வந்தது. புகழ்ச்சிக்கு ஏங்கியிருந்த நாட்கள் அவை, கொடுத்துவிடும் நிலையில்தான் இருந்தேன். தோழி ஒருத்தி தடுத்தாள். உண்மையான ஏஜென்ட்களின் பெயரையே திருடிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதனால் மின்னஞ்சல் முகவரி அந்த ஏஜென்சியின் தளத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 'ரைட்டர் பிவேர்' என்ற தளம் இப்படிப்பட்ட மோசடிகளைப் பல ஆண்டுகளாக அம்பலப்படுத்தி வருகிறது. கையெழுத்துப் போடும் முன் அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள்.

ஒருவர் 'சரி' என்று சொல்லிவிட்டால்

பிடித்துப்போன ஏஜென்ட் பெரும்பாலும் ஃபோனிலோ வீடியோவிலோ பேச நேரம் கேட்பார். அந்த அழைப்பிலேயே ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நன்றி சொல்லிவிட்டு, இரண்டு வாரம் அவகாசம் கேட்பது வழக்கம். அந்த இரண்டு வாரத்தில், உங்கள் பிரதியையோ கடிதத்தையோ கையில் வைத்திருக்கும் மற்ற ஏஜென்ட்களுக்கு எழுதி, 'என்னை ஏற்றுக்கொள்ள ஒரு ஏஜென்ட் முன்வந்திருக்கிறார், இந்தத் தேதிக்குள் பதில் சொன்னால் நல்லது' என்று தெரிவிக்க வேண்டும். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் அப்போது வேகமாகப் படிப்பதும் உண்டு.

பேசும்போது நீங்களும் கேளுங்கள். எத்தனை சதவீதம், ஒப்பந்தம் இந்த ஒரு நாவலுக்கா எல்லாவற்றுக்குமா, பிடிக்காவிட்டால் இருவரும் எப்படி விலகுவது, எந்த எடிட்டர்களுக்கு அனுப்ப நினைக்கிறார். இவற்றோடு, நாவலில் எதை மாற்றச் சொல்கிறார் என்றும் கட்டாயம் கேளுங்கள். 'அன்னம் கடைசியில் துரையைக் கண்டுபிடித்துவிட்டால் நன்றாக விற்கும்' என்று அவர் சொல்லலாம். அவன் கிடைக்காமல் போவதுதான் உங்கள் நாவல் என்றால், எவ்வளவு பெரிய ஏஜென்சியாக இருந்தாலும் அந்த அழைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.